நூற்றுப் பதினெட்டு அடி

அத்தியாயம் 11

போன வாரம் ஜெசிந்தாவை டவுன்ஹால் ரோட்டில், கையில் ஒரு ஷூ பெட்டியும் நெஞ்சில் ஓர் எரிச்சலுமாக நிற்க வைத்துவிட்டு வந்தோம். பெட்டிக்குள் இருந்தது தங்கை ஐரினுக்கு வாங்கிய ஸ்பைக்ஸ். எரிச்சல் எதற்கு என்று கேட்டால் வெயில் என்பாள். நம்பிவிடாதீர்கள். அவளை எனக்குப் பத்து வாரமாகத் தெரியும்.

இன்று சனிக்கிழமை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நீளம் தாண்டுதலுக்கு மாவட்டத் தேர்வு. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, முப்பத்திரண்டு வயதில், ஐரின் மறுபடி தாண்டப் போகிறாள்.

காலை ஆறரை மணிக்கு ஞானஒளிவுபுரம் வீட்டில் அம்மா பிலோமினாள் மூன்று முட்டை அவித்தாள். மூன்றையும் உரித்தாள். மூன்றையும் ஐரினின் தட்டில் வைத்தாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஜெசிந்தா தட்டைப் பார்த்தாள்.

"எனக்கும்மா?"

"உனக்கென்னடி, நீ என்ன ஓடவா போற? நடுவரா உக்காந்து கொடி தூக்கப் போற. இட்லி இருக்கு பாரு, வச்சுச் சாப்பிடு."

ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். முட்டைக்கு ஏங்குகிற வயசில்லை. இருந்தாலும் ஐரின் மூன்றாவதை வாயில் போட்டு முடிக்கிறவரை அவள் கண் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் ஆன்றோ செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"ஐரின் போட்டோவ ஸ்டேட்டஸ் வச்சிட்டேன். 'எங்க வீட்டு ராணி மறுபடி களத்துல'ன்னு போட்டிருக்கேன். விடியறதுக்குள்ள எழுபது பேர் பார்த்துட்டாங்க!"

"பன்னெண்டு வருஷமா உங்க கூடக் குடித்தனம் பண்றேன். என் போட்டோவ எப்பவாச்சும் வச்சிருக்கீங்களா?"

"உன் பொறந்த நாளைக்கு வச்சேனே!"

"அது கேக் போட்டோ."

ஐரின் சிரித்தாள். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் ஜெசிந்தாவுக்குப் பிடிக்கவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஐரின் ஒரு காலத்தில் ஆறு மீட்டர் தாண்டியவள். பேப்பரில் படம் வந்தவள். கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள், ஸ்பைக்ஸ் பரணுக்குப் போனது. மகள் ஜோவிட்டா பிறந்த பிறகு அவளுக்கு என்னவோ ஆனது. அழவில்லை, பேசவில்லை, பிள்ளையைத் தூக்கவில்லை. சரியானதும் வந்து கூட்டிப் போகிறேன் என்று மதுரையில் விட்டுவிட்டுப் போன புருஷனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது. இரண்டு வருடம் அம்மா வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

அந்த இரண்டு வருடமும் அவளைப் பார்த்துக்கொண்டது ஜெசிந்தாதான். சோறு ஊட்டினாள், தலை பின்னினாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், ஜோவிட்டாவைத் தன் பிள்ளைகளோடு மூன்றாவதாக வளர்த்தாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. கட்டிலில் கிடக்கிற தங்கையிடம் பிரியமாக இருப்பது அவளுக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், காற்றாட இருக்கட்டும் என்று ஐரினைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். பிள்ளைகள் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஐரின் கொஞ்ச நேரம் பார்த்தாள். திடீரென்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய் மணலில் விழுந்தாள். எழுந்து சிரித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜெசிந்தாவும் தட்டினாள், தட்டிக்கொண்டே எத்தனை தூரம் என்று கண்ணால் அளந்தாள்.

அன்றைக்கு மறுபடி வந்து உட்கார்ந்த பொறாமை இன்னும் எழுந்து போகவில்லை.

மறுபடி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது பழைய பொறாமை. ஜெசிந்தாவும் நீளம் தாண்டியவள்தான். அவளுடைய வாழ்நாள் அளவு ஐந்து மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். யாருக்காகவும் எதையும் அவள் தியாகம் செய்யவில்லை. அதற்கு மேல் தாண்ட முடியவில்லை, அவ்வளவுதான். நான்கு வயது சின்னவள் பதினாறு வயதிலேயே அந்த அளவைத் தாண்டிவிட்டு, "என்னக்கா, சரியா தாண்டுனேனா?" என்று வேறு கேட்டாள்.

*

ரேஸ்கோர்ஸில் ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது.

இப்படிப்பட்ட தேர்வுகளுக்கு நடுவர் வேலை பார்க்கப் பள்ளிக்கூட பி.டி. ஆசிரியர்களைத்தான் கூப்பிடுவார்கள். தாண்டுதல் பிரிவுக்குத் தலைமை, சூரியபிரகாஷ் சார். பட்டியலைப் பார்த்து வேலை பிரித்துக் கொடுத்தார்.

"ஜெசிந்தா டீச்சர், நீங்க பலகைகிட்ட."

ஓடி வந்து கால் ஊன்றி எழும்புகிற வெள்ளைப் பலகை. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். கால் பலகையைத் தாண்டி விழுந்தால் சிவப்புக் கொடி, தாண்டாவிட்டால் வெள்ளைக் கொடி. அவ்வளவுதான் வேலை. 'தங்கச்சி கலந்துக்கிறா சார், வேற இடம் குடுங்க' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஐரினைத் தவிர யாருக்கும் இருபத்திரண்டுக்கு மேல் இருக்காது. அவர்களுக்கு நடுவில் ஐரின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வந்த அம்மா போல நின்றாள். மேலூரிலிருந்து வந்திருந்த முனீஸ்வரி என்ற பெண் அவளிடம், "அக்கா, நீங்க கோச்சா?" என்றே கேட்டுவிட்டாள்.

"இல்லம்மா. நானும் தாண்டத்தான் வந்திருக்கேன்."

தாண்டுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் தான் ஓடத் தொடங்கும் இடத்தைப் பலகையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். சிறுசுகள் எல்லாரும் டேப் வைத்திருந்தார்கள். ஐரின் அக்காவின் நாற்காலிக்கு வந்தாள்.

"அக்கா, உன் டேப்பக் குடேன்."

டேப் ஜெசிந்தாவின் காலடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஐரினுக்காக அளந்து இரண்டு செங்கல் பதித்த அதே டேப். ஆறு மாதமும் ஐரின் அந்தச் செங்கல்லிலிருந்துதான் ஓடினாள். அது எத்தனை மீட்டர் என்று அவள் கேட்டதுமில்லை, ஜெசிந்தா சொன்னதுமில்லை.

"நான் டூட்டில இருக்கேன்டி. நடுவர்கிட்ட எதுவும் வாங்கக் கூடாது. பாக்கிறவுக தப்பாப் பேசுவாக."

"அட ஆமால்ல. சரி விடு, பழையபடி பாதத்தால அளந்துக்கிறேன். நூத்திப் பதினெட்டு. அது மறக்குமா?"

ஐரின் பலகையில் குதிகாலை வைத்தாள். குதிகாலுக்கு முன் விரல், விரலுக்கு முன் குதிகால் என்று அடிமேல் அடி வைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பின்னால் போனாள்.

ஜெசிந்தா அவள் காலைப் பார்த்தாள். புது ஸ்பைக்ஸ். ஏழாம் நம்பர்.

பழையது ஆறு. போன வாரம் கடையில் ஆறாம் நம்பர் ஏறவே இல்லை. "பாதம்கூட வளருமாக்கா?" என்று ஐரின் கேட்டாள். "பிள்ளை பெத்தா பெருசாகும்டி, எனக்கும் ஆச்சு" என்று சொல்லி ஏழாம் நம்பரை வாங்கிக் கொடுத்ததே ஜெசிந்தாதான். அவளுக்கும் முதல் பிள்ளைக்குப் பிறகு இதே தப்பு நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தாண்டிக் காட்டுகிறேன் என்று பழைய கணக்கில் அடி அளந்து ஓடி, பலகைக்கு ரொம்ப முன்னாலேயே எழும்பி, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, காரணம் புரிவதற்கு ஒரு வாரம் ஆனது.

ஒரு நம்பர் கூடினால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதையே நூற்றுப் பதினெட்டு தடவை வைத்தால் ஒரு மீட்டர். ஐரின் ஒரு மீட்டர் தள்ளிப்போய், அடையாளத்துக்கு ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்துக் கையசைத்தாள்.

ஜெசிந்தாவும் கையசைத்தாள்.

அதன் பிறகு ஒத்திகைக்கு ஒருமுறை ஓடிப் பார்க்கச் சொன்னார்கள். ஐரின் ஓடி வந்தபோது ஜெசிந்தா குனிந்து வருகைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்து அப்படியொன்றும் நீளமானதில்லை.

*

"ஐரின்! முதல் வாய்ப்பு!"

ஐரின் ஓடி வந்தாள். அந்த ஓட்டம் மாறவே இல்லை. முட்டி உயர்ந்து, தோள் தளர்ந்து, காலடிச் சத்தம் ஒரே தாளத்தில் நெருங்கி வந்தது. ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது.

பலகைக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே கால் ஊன்றி எழும்பினாள்.

தாண்டுகிறவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு ஓட மாட்டார்கள். எங்கே கால் வைத்தோம் என்று பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து மண்ணாக இருந்தால் தடமாவது தெரியும். இது ரப்பர் பாதை, தடம் விழாது. தூரத்தையோ பலகையிலிருந்துதான் அளப்பார்கள். எழும்பிய இடத்திலிருந்து அளக்க மாட்டார்கள்.

ஜெசிந்தா வெள்ளைக் கொடியைத் தூக்கினாள். அது நியாயமான கொடிதான்.

"நாலு அம்பத்தெட்டு!" என்று மணல் குழியிலிருந்து குரல் வந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டுகிற தூரம். சிறுசுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐரின் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்கா கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு ஐம்பத்தெட்டோடு ஒரு மீட்டரைக் கூட்டினால் ஐந்து ஐம்பத்தெட்டு. அந்த மைதானத்தில் அது தெரிந்த ஒரே ஆள் ஜெசிந்தா. இரண்டு வருடம் மாத்திரை தின்று படுத்துக் கிடந்தவள், முதல் தாண்டலிலேயே அவளுடைய வாழ்நாள் அளவுக்கு இரண்டு விரற்கடை பக்கத்தில் வந்துவிட்டாள். அதுவும் மூன்று முட்டையைத் தின்றுவிட்டு.

'விளையாட்டுன்னா அளந்து வைக்கத் தெரியணும். அது அவ பொறுப்பு' என்று ஜெசிந்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'நான் நடுவர். வாயைத் திறக்கக் கூடாது.' விதியின்படி அது முழுக்க முழுக்கச் சரி. இப்படியொரு விதி அவளுக்கு இதற்கு முன் இவ்வளவு சௌகரியமாக இருந்ததில்லை.

இரண்டாவது வாய்ப்பு. நாலு ஐம்பத்தொன்று.

கேலரியில் அம்மா ஜெபமாலையை உருட்டுவதை விட்டுவிட்டாள். ஆன்றோ செல்போனில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டான். முனீஸ்வரி ஐந்து ஐம்பத்திரண்டு தாண்டி இரண்டாவது இடத்தில் இருந்தாள். முதலிடத்தில் இருந்த பெண் ஐந்து எழுபத்தொன்று.

ஐரின் நடந்து வந்தாள். நாற்காலியைக் கடக்கும்போது நின்றாள்.

"முடிஞ்சிருச்சு போலக்கா. எனக்கு இனிமே வராது."

அவள் முகம் கட்டிலில் கிடந்த நாட்களின் முகமாக இருந்தது. கண் எதையும் பார்க்கவில்லை.

இதைப் பார்த்ததும் அக்கா மனசு உருகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஜெசிந்தாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போவதற்கு முன்னால் இவளை உட்கார வைத்துத் தலை பின்னிவிடலாம் என்று நினைத்தாள். மறுபடி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

நினைத்த பிறகுதான், தான் நினைத்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. தங்கை மறுபடி கட்டிலில் கிடக்க வேண்டும் என்றல்லவா அவள் ஆசைப்பட்டிருக்கிறாள்!

"ஐரின்! மூன்றாவது வாய்ப்பு!"

பேர் கூப்பிட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஐரின் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

ஜெசிந்தா எழுந்தாள். இரண்டு கொடிகளையும் பக்கத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த மீனா டீச்சர் மடியில் போட்டாள்.

"சார், என்னால முடியலை. மீனா டீச்சரப் பார்க்கச் சொல்லுங்க."

"டீச்சர், என்ன ஆச்சு?" என்றார் சூரியபிரகாஷ் சார்.

அதைக் கேட்க அவள் நிற்கவில்லை. சீலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடுபாதைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். வெளியே நிற்கிறவர்கள் என்ன கத்தினாலும் யாரும் தட்டிக் கேட்க முடியாது. பயிற்சியாளர்களும் பெற்றவர்களும் அங்கே நின்றுதான் கத்துவார்கள்.

"ஏட்டி! நாலடி முன்னால வையி!"

ஐரின் திரும்பினாள். "என்னக்கா?"

"கேள்வி கேக்காத! உன் பாதம் இப்ப ஏழுடி! நாலடி முன்னால!"

ஐரின் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குதிகாலுக்கு முன் விரலாக நாலு அடி வைத்து, அங்கே போட்டாள்.

ஓடி வந்தாள். இந்தத் தடவை கால் பலகையில் விழுந்த சத்தம் கயிற்றுக்கு வெளியே நின்ற ஜெசிந்தாவுக்குக் கேட்டது.

மீனா டீச்சர் வெள்ளைக் கொடியைத் தூக்கினாள். டேப்பைப் பிடித்தவர் இரண்டு தடவை குனிந்து பார்த்தார்.

"அஞ்சு அறுபத்தாறு!"

ஜெசிந்தாவின் வாழ்நாள் அளவை விட நாலு சென்டிமீட்டர் அதிகம். கூட்டம் கத்தியது. ஜெசிந்தாவும் கத்தினாள். கத்தும்போதே அந்த நாலு சென்டிமீட்டர் அவளுக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் யாரும் மாறிவிடுவதில்லை.

*

அடுத்த கால் மணி நேரம் ஜெசிந்தாவின் வாழ்க்கையிலேயே இனிப்பான கால் மணி நேரம்.

அம்மா கேலரியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து அவள் கன்னத்தைத் தடவினாள். "தங்கச்சிக்காகக் கொடியத் தூக்கிப் போட்டுட்டு ஓடியாந்தியேம்மா! இந்த மனசு யாருக்கு வரும்?" மத்தியானத்துக்கு என்று டிபன் பாக்ஸில் வைத்திருந்த முட்டையை எடுத்து, உரித்து, அவள் கையில் வைத்தாள். ஆன்றோ அவளை நிற்க வைத்துப் படம் எடுத்து அங்கேயே ஸ்டேட்டஸ் போட்டான். கேக் இல்லாத படம்.

ஐரின் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஜெசிந்தா முட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். இறங்கும் போலத் தெரியவில்லை.

அப்போது மீனா டீச்சர் வந்தாள். "டீச்சர், சார் கூப்பிடுறாரு. உங்க தங்கச்சியையும் வரச் சொன்னாரு. புகார் குடுத்திருக்காங்க."

ஷாமியானாவுக்குள் முனீஸ்வரியின் பயிற்சியாளர் ராம்கி நின்றிருந்தார். மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்ட முனீஸ்வரி பின்னால் நின்று துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், இந்தம்மா பலகைகிட்ட உக்காந்து பார்த்தாங்க. பார்த்ததை வெளிய வந்து தங்கச்சிக்கு மட்டும் சொல்லிட்டாங்க. எங்க பிள்ளைக்கு யாரு சொன்னா? அந்த நாற்காலில உக்காராட்டி இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

சூரியபிரகாஷ் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், நீங்க கொடியை வச்சிட்டு வெளிய போனது தப்பில்ல. ஆனா நடுவரா உக்காந்து பார்த்துத் தெரிஞ்சுக்கிட்ட விஷயத்தைச் சொல்லியிருந்தா, அந்த மூணாவது தாண்டுதல் செல்லாது. அதுக்கு முன்னாடியே அக்காவா, வீட்டு ஆளா உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அது வேற, தாண்டுதல் செல்லும். எப்பத் தெரியும், எப்படித் தெரியும்னு எழுதிக் குடுங்க. உங்க தங்கச்சியும் வாசிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடணும். தேர்வுக் குழு திங்கக்கிழமை முடிவு சொல்லும்."

ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கைக்கு வந்தன.

ஜெசிந்தா தாளைப் பார்த்தாள். இரண்டு விதமாக எழுதலாம். மூன்றாவது தாண்டலுக்கு முன்னால்தான் பலகைகிட்டே பார்த்துக் கண்டுபிடித்தேன், மனசு கேட்கவில்லை, ஓடினேன் என்று எழுதலாம். அம்மா சொன்ன அதே அக்காவாக வீட்டுக்குப் போகலாம். ஐரினின் தாண்டுதல் மட்டும் செல்லாமல் போகும், அவ்வளவுதான். மாநிலப் போட்டிக்கு முனீஸ்வரி போவாள்.

இல்லாவிட்டால் உண்மையை எழுத வேண்டும்.

கையிலிருந்த முட்டையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

'என் தங்கை பாதத்தால் அளந்ததை முதல் வாய்ப்புக்கு முன்பே பார்த்தேன். அவளுடைய ஷூ அளவு ஆறிலிருந்து ஏழு ஆகியிருப்பது எனக்குத் தெரியும். வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஒரு மீட்டர் தப்பும் என்று அப்போதே தெரிந்தது. நடுவராக உட்கார்ந்து தெரிந்துகொண்டது அல்ல. டேப் கேட்டாள். என் பையில் இருந்தது. கொடுக்கவில்லை.'

சூரியபிரகாஷ் சார் வாசித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"முதல்லயே தெரிஞ்சும் ஏன் ரெண்டு தாண்டுதல் வரைக்கும் சொல்லலன்னு குழு கேக்கும் டீச்சர். அதையும் ஒரு வரி எழுதிடுங்க."

ஜெசிந்தா தாளை வாங்கினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்.

'பொறாமையாக இருந்தது.'

கீழே கையெழுத்துப் போட்டாள். சீக்கிரமே போட்டு முடித்துவிட்டாள். தாளை ஐரினிடம் நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

ஐரின் வாசித்தாள். நாலு வரியை வாசிக்க அவளுக்கு நாலு பக்கத்துக்கான நேரம் ஆனது.

"டேப் பைக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் ரெண்டாவது தாண்டிட்டு வந்து உன்கிட்ட நின்னப்பவும் தெரியும்?"

"தெரியும்."

ஐரின் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"நானா இருந்தா மூணாவதுக்கும் எந்திரிச்சிருக்க மாட்டேன்க்கா."

ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"கட்டில்ல கிடந்தப்ப நீ எனக்குச் சோறு ஊட்டுவ. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு உன்னப் பார்த்துப் பத்திக்கிட்டு வரும். புருஷன், பிள்ளைக, வேல, எல்லாம் இருக்கு உனக்கு. என் பிள்ள உன்னத்தான் அம்மான்னு கூப்பிட்டா. நீ ஒருநாள் தடுக்கி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா எப்படியிருக்கும்னு நெனைச்சிருக்கேன். எம்புட்டு நாள் நெனைச்சிருக்கேன் தெரியுமா?"

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மேஜை ஓரத்தில் இருந்த முட்டையை எடுத்து இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சின்னதை அக்காவிடம் நீட்டினாள்.

"அதுலயும் பெருசு உனக்குத்தானா?" என்றாள் ஜெசிந்தா.

அதற்குள் ஷாமியானா வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

"என்னடி எழுதி வாங்குறாக? என் பிள்ள அப்படி என்ன தப்புப் பண்ணிட்டா? தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு குத்தமா? எங்க, அந்தத் தாளக் குடு பார்ப்போம்!"

அம்மா கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஐரின் சட்டென்று தாளை மடித்தாள். "ஒண்ணுமில்லம்மா. சும்மா ஆபீஸ் பேப்பரு. வா, வீட்டுக்குப் போவோம்."

ஜெசிந்தா அவள் கையிலிருந்து தாளை வாங்கினாள். மடிப்பைப் பிரித்தாள். அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா முதல் வரியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள்.